நாறுவது காலா, காலணியா?

இந்தியப் பொறியியல் கல்லூரிகளின் கணினி ஆய்வகங்களுக்கென்று ஒரு பொது வாடை உண்டு. கணினிகள் அரிதாகவும் விலையுயர்ந்தவையாகவும் இருந்த காலத்தில், தூசு ஆகாது என்ற அச்சத்தால் காலணிகளை வாசலிலேயே கழற்றச் சொன்ன வழக்கம் இன்றும் பல இடங்களில் விடாமல் தொடர்கிறது. அறுபது மாணவர்கள், மூடிய கதவு, குளிரூட்டி, அறுபது இணைக் காலுறைகள். வகுப்பு முடிவதற்குள் யாரேனும் ஒருவன் கேலிக்கு இலக்காகிவிடுவான். பெரும்பாலும் அவன் விடுதியில் தங்குபவன். ஒரே ஓர் இணை ஷூ வைத்திருப்பவன். அதையே திங்கள் முதல் சனி வரை அணிபவன். குளிப்பதில்லையா, துவைப்பதில்லையா என்று அவனைக் கேட்பார்கள். அவன் காலில் இருப்பது எந்தப் பொருளால் ஆனது என்று எவரும் கேட்பதில்லை.

2017 நவம்பரில் இமாசலப் பிரதேசத்திலிருந்து டெல்லி சென்ற பேருந்து ஒன்றில், பயணி ஒருவர் கழற்றி வைத்த காலுறைகளின் நாற்றம் சகபயணிகளுடன் தகராறாக முற்றி, அவர் கைதாகும் அளவுக்குப் போயிற்று. நாளேடுகள் அதைச் சிரிப்புச் செய்தியாக வெளியிட்டன. சிரிப்பதற்கு இடமுண்டுதான். ஆனால் காலின் நாற்றத்தை ஒருவருடைய ஒழுக்கத்தின், வளர்ப்பின், சில வேளைகளில் பிறப்பின் அடையாளமாகவே வாசிக்கும் பழக்கம் அந்தச் சிரிப்புக்குள் இருக்கிறது. இந்த வாசிப்பு அறிவியல்படி தவறானது, சமூகநோக்கில் அநீதியானது. நாற்றத்தின் பெரும்பகுதியைத் தீர்மானிப்பது காலைச் சூழ்ந்துள்ள பொருள். அந்தப் பொருளைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்போ, நாற்றத்துக்காக இழிவுபடுத்தப்படுபவருக்குப் பெரும்பாலும் இருப்பதில்லை.

முதலில் வேதியியல். உடலில் வியர்வைச் சுரப்பிகள் மிக நெருக்கமாக அமைந்த இடங்களுள் உள்ளங்கால் ஒன்று. அங்கே சுரக்கும் வியர்வை ஏறத்தாழ நீரே; சிறிது உப்பும் மிகச் சிறிதளவு அமினோ அமிலங்களும் அதில் கலந்திருக்கும். சுரந்த கணத்தில் அதற்கு மணம் இல்லை எனலாம். மணம் பிறகுதான் உண்டாகிறது. தோலில் இயல்பாகவே வாழும் ஸ்டஃபிலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ் என்ற பாக்டீரியா, வியர்வையிலுள்ள லியூசினைச் சிதைத்து ஐசோவலெரிக் அமிலமாக்குகிறது. புளித்துப்போன பாலாடைக்கட்டியை நினைவூட்டும் வாடை இவ்வமிலத்தினுடையது. பிரெவிபாக்டீரியம் என்னும் பேரினம் கந்தகச் சேர்மங்களைத் தன் பங்காகச் சேர்க்கிறது. லிம்பர்கர் என்ற ஐரோப்பியப் பாலாடைக்கட்டியின் பேர்பெற்ற வாடைக்குக் காரணமும் இதே பேரினத்தைச் சேர்ந்த ஓர் உயிரிதான். மலேரியாவைப் பரப்பும் ஆப்பிரிக்கக் கொசுவான அனாஃபிலிஸ் காம்பியே, மனிதக் காலின் வாடையாலும் லிம்பர்கரின் வாடையாலும் ஒரே அளவில் ஈர்க்கப்படுகிறது என்று காட்டியமைக்காகப் பார்ட் நோல்ஸ், ரூர்ட் டி யோங் ஆகிய இருவருக்கும் 2006-இல் இக் நோபல் பரிசு கிடைத்தது. கொசுவின் மூக்குக்குச் சாதியோ வர்க்கமோ தெரியாது என்பதையும் அந்த ஆய்வின் உபரி முடிவாகக் கொள்ளலாம்.

இவ்வுயிரிகள் துணைவேந்தர் காலிலும் உண்டு, காவலாளி காலிலும் உண்டு. அவை பெருகுவதற்கு நீர், வெப்பம், நேரம் ஆகிய மூன்றும் வேண்டும். காலையில் சோப்பிட்டுக் கழுவுவது அவற்றின் எண்ணிக்கையைக் குறைக்கும், ஒழிக்காது. அதன்பின் எட்டு மணி நேரமோ பன்னிரண்டு மணி நேரமோ அவை எத்தகைய சூழலில் இருக்கின்றன என்பதே மாலையில் எழும் வாடையை முடிவு செய்கிறது. இலங்கையில் பணியாற்றிய மருத்துவர் ஆல்டோ காஸ்டெலானி, உள்ளங்காலின் தோல் குழிகுழியாக அரிக்கப்படும் நோய் ஒன்றை 1910-இல் விவரித்தார். மழைக்காலத்தில் வெறுங்காலோடு நடந்தவர்களிடம் அவர் கண்ட நோய் அது. இன்று அதே நோய், கடும் நாற்றத்துடன், பூட்ஸ் அணிந்தே நாளைக் கழிக்கும் படைவீரர்களிடமும் தொழிலாளர்களிடமும் காணப்படுகிறது. அன்று மழைச்சேறு செய்த வேலையை இன்று பூட்ஸுக்குள் தேங்கும் வியர்வை செய்கிறது.

இங்கே பொதுவாக நேரும் ஒரு குழப்பத்தைத் தெளிவுபடுத்த வேண்டும். ரப்பரும் பிளாஸ்டிக்கும் நாற்றம் தரும், தோல் தராது என்று சொல்லிவிட்டு நகர்வது எளிது. ஆனால் ஹவாய் செருப்பு முழுக்க ரப்பர்தான். அதை ஆண்டு முழுவதும் அணிபவரின் காலில் நாற்றம் எழுவது அரிது. மேற்புறம் திறந்திருப்பதால் வியர்வை சுரந்த வேகத்திலேயே உலர்ந்துவிடுகிறது. அதே ரப்பரைக் கணுக்கால் வரை உயர்த்தி கம்பூட் ஆக்கினால் கதை தலைகீழாகிவிடும். ஆகவே பொருளின் தன்மை அதன் வடிவத்தோடு சேர்ந்துதான் விளைவைத் தருகிறது. காலை மூடாதபோது எந்தப் பொருளும் பெரிதாகக் கேடு செய்வதில்லை. மூடிவிட்டால், அந்தப் பொருள் நீராவியை வெளியே விடுகிறதா, விடாவிட்டால் தனக்குள்ளாவது உறிஞ்சுகிறதா என்பதே எல்லாமாகிவிடுகிறது. இந்நாட்டின் வெயிலுக்கும் ஈரக்காற்றுக்கும் செருப்பு பொருத்தமான கண்டுபிடிப்பு. அதை மரியாதைக் குறைவு என்று ஒதுக்கிய அலுவலக, கல்லூரி ஒழுங்குகளிலிருந்தே பிரச்சினையின் பெரும்பகுதி தொடங்குகிறது. தேர்வு மோசடிக்கு அஞ்சி நீட் தேர்வறைக்குச் செருப்பணிந்து வரச் சொல்லும் அதே கல்வியமைப்பு, மறுவாரம் வகுப்பறைக்குள் நுழையக் கறுப்பு ஷூ கேட்கிறது.

மூடிய காலணிகளுக்குள் வேறுபாடுகள் பெரியவை. மலிவான பள்ளி ஷூக்களில் பெரும்பாலானவை பி.வி.சி. எனப்படும் பிளாஸ்டிக்கை அச்சில் வார்த்துச் செய்யப்படுபவை. நீராவி அதன் வழியே செல்வதில்லை; அது எதையும் உறிஞ்சுவதுமில்லை. ரெக்சின் என்று கடைகளில் வழங்கும் செயற்கைத் தோல், துணியின் மேல் பி.வி.சி. அல்லது பாலியூரித்தேன் படலம் ஏற்றியது. பார்வைக்குத் தோல், காலுக்குப் பிளாஸ்டிக். கான்வாஸ் பருத்தியால் ஆனது. காற்றும் நீராவியும் அதனூடே போகும். துவைக்கவும் முடியும் என்பது அதன் பெருஞ்சிறப்பு. விளையாட்டு ஷூக்களின் வலைத்துணி பெரும்பாலும் பாலியெஸ்டர். அது காற்றை நன்றாக விடும், விரைவில் உலரும். ஆயினும் வியர்வையோடு வரும் எண்ணெய்ப் பசையையும் மணச் சேர்மங்களையும் பற்றிக்கொண்டு விடாமல் வைத்திருக்கும். பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், கடும் உடற்பயிற்சிக்குப் பின் 26 பேரின் பருத்திச் சட்டைகளையும் பாலியெஸ்டர் சட்டைகளையும் ஒப்பிட்டபோது, பாலியெஸ்டரின் வாடையே மோசமானதாக மதிப்பிடப்பட்டது. அது சட்டை பற்றிய ஆய்வு என்றாலும் இழை அதே இழைதான்.

காலுறையின் கணக்கும் இதுவே. சாதாரண ஈரப்பதமுள்ள அறையில் 100 கிராம் உலர்ந்த கம்பளி சுமார் 16 கிராம் நீரைத் தனக்குள் ஏற்கும். பருத்தி 7 முதல் 8 கிராம். நைலான் 4 கிராம். பாலியெஸ்டர் அரை கிராம்கூட ஏற்காது. பள்ளிச் சீருடையோடு விற்கப்படும் மெல்லிய பளபளப்பான காலுறை பெரும்பாலும் நைலான். பி.வி.சி. ஷூவுக்குள் நைலான் காலுறை என்றால், காலையில் சுரந்த வியர்வை மாலை வரை எங்கும் போக வழியில்லை. பெண் குழந்தைகளின் ‘பெல்லி’ வகைக் காலணிகளில் அந்த நைலானும் இல்லாமல் வெறுங்கால் நேரே பிளாஸ்டிக்கில் படிகிறது.

தோல் வேறு வகை. அது கொலாஜன் இழைகள் பின்னிய வலை. அந்த வலை நீராவியைக் கடத்தும்; அதைவிட முக்கியமாக, தன் நார்களுக்குள் நீரை வாங்கி வைத்துக்கொண்டு இரவில் மெல்ல வெளிவிடும். பகலில் நனைந்து இரவில் உலரும் இந்தச் சுழற்சியைச் செயற்கைப் பொருள்கள் எளிதில் போலச் செய்துவிடவில்லை. ஆனால் ‘அசல் தோல்’ என்ற முத்திரையை அப்படியே நம்பவும் முடியாது. தழும்புகளை மறைக்கத் தோலின் மேல் தடித்த பாலிமர்ப் பூச்சு ஏற்றினால் அதன் துளைகள் அடைபட்டுப்போகும். மேலே தோலும் உள்ளே ரெக்சின் லைனிங்கும் வைத்துத் தைத்த ஷூவில், கால் தொடுவது ரெக்சினைத்தான். உள்ளங்கால் நாள் முழுவதும் அழுந்தியிருப்பது இன்சோலின் மேல். அடிப்பகுதியோ பெரும்பாலான ஷூக்களில் ரப்பர் அல்லது பிளாஸ்டிக். அதன் வழியே ஈரம் இறங்காது. எனவே மேல்தோலைவிட இன்சோல் எதனால் ஆனது என்ற கேள்வியே பெரிது. கடையில் எவரும் கேட்காத கேள்வியும் அதுதான்.

தோலைப் பற்றிப் பேசிவிட்டுச் சாதியைப் பேசாமல் இருக்க முடியாது. பச்சைத்தோலின் அழுகலும் சுண்ணாம்பும் சல்பைடும் சேர்ந்த பதனிடும் தொட்டியின் வாடை உண்மையானது. அந்த வாடையைக் காரணம் காட்டி, பதனிட்டவர்களையும் தைத்தவர்களையும் இந்தியச் சமூகம் ஊருக்கு வெளியே நிறுத்தியது. அவர்கள் தம் உடலில் ஏற்ற அந்த வாடைக்கு ஈடாகப் பிறந்த பொருளோ, அணிந்தவரின் காலை நாற்றத்திலிருந்து காத்த பொருள். உழைக்கும் மக்களின் உடல் நாறுகிறது என்ற நம்பிக்கை, இங்கிலாந்தின் வர்க்கப் பிரிவினையை எவ்வளவு ஆழமாகத் தாங்கி நின்றது என்று ஜார்ஜ் ஆர்வெல் 1937-இல் வெளிவந்த தம் விகன் பியர் நூலில் ஆராய்ந்தார். இந்தியாவில் இந்த நம்பிக்கைக்கு வர்க்கத்தோடு பிறப்பும் சேர்ந்துகொள்கிறது. விடுதி அறையில் ஒரு மாணவனின் காலுறையைச் சுட்டி வீசப்படும் கேலி, அவனுடைய குடும்பப் பெயர் தெரிந்தபின் வேறொரு கூர்மை பெறுவதை இந்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் அறியாதவை அல்ல.

பொருளாதாரமும் இதே திசையில்தான் நகர்கிறது. ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் கான்பூரிலும் ஆக்ராவிலும் உருவாகும் நல்ல தோலும் தோல் ஷூக்களும் பெருமளவில் ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் கப்பலேறுகின்றன. நீராவியைக் கடத்தும் பொருள் குளிர்நாடுகளுக்குப் போகிறது. கடத்தாத பொருள் வெயில்நாட்டில் தங்குகிறது. கழிவு மட்டும் பாலாற்றிலும் கங்கையிலும் தங்குகிறது. வேலூர் மாவட்டத் தோல் ஆலைகள் தொடர்பான 1996-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பைச் சுற்றுச்சூழல் சட்டம் பயிலும் எவரும் அறிவர். அந்தக் கழிவின் விலையைக் கணக்கில் வைத்தால், எல்லாருக்கும் தோல் ஷூ என்ற கோரிக்கை பொறுப்பற்றது. கோர வேண்டியது வேறு.

2025 செப்டம்பரில் இந்தியாவுக்கு மற்றோர் இக் நோபல் கிடைத்தது. ஷிவ் நாடார் பல்கலைக்கழகத்தின் விகாஷ் குமாரும் சார்த்தக் மித்தலும், நாறும் ஷூக்கள் ஷூ அலமாரியைப் பயன்படுத்தும் அனுபவத்தை எவ்வாறு கெடுக்கின்றன என்பதை வடிவமைப்புநோக்கில் ஆராய்ந்தவர்கள். 149 மாணவர்களிடம் கருத்தறிந்து, புற ஊதாக் கதிர் பொருத்திய அலமாரி ஒன்றை முன்வைத்தனர். இரண்டு மூன்று நிமிடக் கதிர்வீச்சே போதுமானது. மிஞ்சினால் ரப்பர் கருகத் தொடங்கும் என்பதும் அவர்கள் கண்டது. இவ்வாய்வைக் கேலிப் பரிசு என்று ஒதுக்குவது தவறு. நாற்றத்தை ஒழுக்கக் குறைவாகக் கருதாமல் வடிவமைப்புப் பிரச்சினையாக எடுத்துக்கொண்டதே அதன் பெருமை. எனினும் அலமாரி, நாள் முடிந்தபின் வரும் தீர்வு. அதில் வைக்கப்படும் ஷூ மறுநாள் காலை மீண்டும் அதே காலை அதே பிளாஸ்டிக்கில் அடைக்கும்.

மருந்து தடவிய காலுறைகளின் கதி இதைவிட மோசம். வெள்ளி நானோத்துகள் ஏற்றிய காலுறைகளை அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008-இல் சோதித்தபோது, சில வகைகள் ஒரு சில சலவைகளிலேயே வெள்ளியின் பெரும்பகுதியை நீரில் இழந்துவிட்டன. காசு கொடுத்து வாங்கிய மருந்து சாக்கடைக்குப் போயிற்று. ஈரம் தங்கும் இடத்தை அப்படியே வைத்துக்கொண்டு அதில் வாழும் உயிரியை மட்டும் கொல்ல முயல்வது, தேங்கிய நீரை இறைக்காமல் கொசுவத்தி கொளுத்துவதைப் போன்றது.

அப்படியானால் எங்கே தொடங்குவது? பொருளைத் தேர்ந்தெடுப்பவர் யார் என்று பார்த்தால் விடை தெரியும். உத்தரப் பிரதேச அரசு தன் தொடக்கப்பள்ளி மாணவர்களின் பெற்றோர் வங்கிக் கணக்கில் ஆண்டுக்கு 1,200 ரூபாய் செலுத்தும் திட்டத்தில், ஓர் இணை ஷூவுக்கும் இரண்டு இணைக் காலுறைகளுக்கும் சேர்த்து ஒதுக்கப்பட்ட தொகை 125 ரூபாய். 125 ரூபாய்க்கு எந்தப் பொருள் கிடைக்கும் என்பதற்கு ஆராய்ச்சி தேவையில்லை. நாற்றம் அந்த ஒதுக்கீட்டிலேயே எழுதப்பட்டுவிட்டது. தனியார் காவல் நிறுவனங்களின் சீருடை ஷூவும் இவ்வாறே ஒப்பந்தப் புள்ளியின் மிகக் குறைந்த விலையால் தீர்மானிக்கப்படுகிறது. பன்னிரண்டு மணி நேரப் பணி, ஓர் இணை ஷூ. நன்றாக ஈரமேறிய மூடிய ஷூ ஓரிரவில் முழுதாக உலர்வதில்லை. மாற்று இணை இல்லாதவர் மறுநாள் காலை நேற்றைய ஈரத்துக்குள்ளேயே காலை நுழைக்கிறார். வரியும் உதவுவதில்லை: 2025 செப்டம்பர் 22 முதல் இணை 2,500 ரூபாய் வரை 5 விழுக்காடு, அதற்குமேல் 18 விழுக்காடு என்ற சரக்கு சேவை வரி, விலையை மட்டும் பார்க்கிறது, எப்பொருளால் ஆனது என்று பார்ப்பதில்லை.

அளவிட வழியில்லை என்றும் தட்டிக்கழிக்க முடியாது. தொழிற்சாலைகளில் அணியும் பாதுகாப்புக் காலணிகளுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 15298, பன்னாட்டுத் தரநிலையான ஐ.எஸ்.ஓ. 20345-ஐத் தழுவியது. அந்தப் பன்னாட்டுத் தரநிலையின்படி, தோல் முதலியவற்றாலான காலணியின் மேற்பகுதி ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் வழியாகவும் மணிக்குக் குறைந்தது 0.8 மில்லிகிராம் நீராவியை வெளிவிட வேண்டும். இன்சோல் சதுர சென்டிமீட்டருக்கு 70 மில்லிகிராம் நீரையாவது உறிஞ்ச வேண்டும்; உறிஞ்சியதில் 80 விழுக்காட்டை மீண்டும் வெளிவிட வேண்டும். கால் மூச்சுவிட வேண்டும் என்பதை எண்களில் எழுதிய விதி இது. இரும்பு முனை ஷூ அணியும் தொழிலாளியின் காலுக்கு எழுதத் தெரிந்த அந்த எண்களைப் பள்ளிச் சிறுமியின் காலுக்கும் காவலாளியின் காலுக்கும் வாங்கும் ஷூவின் ஒப்பந்தப் புள்ளியில் எழுதுவதற்குத் தடை என்ன? முழு ரப்பர், முழுப் பிளாஸ்டிக் காலணிகளுக்கு மேற்பகுதி விதி அத்தரநிலையிலேயே பொருந்தாது என்பது உண்மை. அந்த விலக்குக்கு, நீர் புகக் கூடாத இடத்தில் வேலை என்ற காரணம் இருக்கிறது. வகுப்பறையில் அந்தக் காரணம் இல்லை.

காலணிகளுக்கான தரக் கட்டுப்பாட்டு ஆணைகள் 2020-இல் அறிவிக்கப்பட்டு, பலமுறை தள்ளிவைக்கப்பட்டு, 2023 ஜூலை முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்தன. அவற்றைப் பற்றிய பொதுவிவாதம் முழுவதும் மலிவான இறக்குமதியைத் தடுப்பது, சிறுதொழிலின் சுமை ஆகியவற்றைச் சுற்றியே நடந்தது. அணிபவரின் கால் அந்த விவாதத்தில் அபூர்வமாகவே தலைகாட்டியது. சென்னையிலுள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்களின் பாதங்களை அளந்து, அவை ஐரோப்பியப் பாதங்களைவிட அகலமானவை என்று கண்டு, ‘பா’ என்ற இந்திய அளவுமுறையை முன்மொழிந்திருக்கிறது. அகலக் காலைக் குறுகிய ஷூவில் திணித்தால் விரலிடுக்குகள் ஒட்டிக்கொள்ளும். ஒவ்வோர் அடியிலும் உள்ளே புகுந்து வெளியேற வேண்டிய காற்றுக்கு வழியிருக்காது. அளவு பற்றிய இந்த அக்கறை வரவேற்கத்தக்கது. பொருள் பற்றியும் அதே அளவு அக்கறை வேண்டும்.

விலை உயரும் என்ற மறுப்பு வரும். ஓரளவு உயரும். ஆனால் இதற்கு முழுத் தோல் ஷூ தேவையில்லை. கழற்றி வெயிலில் உலர்த்தக்கூடிய, நீரை உறிஞ்சும் இன்சோல், பருத்தி லைனிங், பிளாஸ்டிக் மேற்பகுதிக்குப் பதில் கான்வாஸ், நைலானுக்குப் பதில் பருத்தி மிகுந்த காலுறை. இவை எதுவும் புதுத் தொழில்நுட்பம் அல்ல. இன்னும் மலிவான வழி ஒன்று உண்டு, அதற்குச் செலவே இல்லை: ஆண்டின் பெரும்பகுதி வெயிலடிக்கும் ஊர்களில் மூடிய ஷூவைக் கட்டாயமாக்காமல், பின்வார் வைத்த செருப்பைச் சீருடையாக ஏற்றுக்கொள்வது. ஆய்வுக்கூடங்களில் அமிலம் சிந்தும், பட்டறைகளில் இரும்பு விழும். அங்கே மூடிய காலணி வேண்டும். வரலாற்று வகுப்புக்கும் கணக்கு வகுப்புக்கும் எதற்கு என்று ஒழுங்கு விதி எழுதியவர்கள்தான் சொல்ல வேண்டும்.

பல்கலைக்கழகங்கள் இந்த விஷயத்தில் வெறும் பார்வையாளர்கள் அல்ல. தம் காவலாளிகளுக்கும் தூய்மைப் பணியாளர்களுக்குமான சீருடை விதிகளை, நேரடியாகவோ ஒப்பந்ததாரர் வழியாகவோ, அவையே வகுக்கின்றன. ஷூவுக்கு என்ன விவரக்குறிப்பு எழுதப்பட்டது, எப்பொருள் கேட்கப்பட்டது, ஒருவருக்கு ஆண்டுக்கு எத்தனை இணை, காலுறை உண்டா, அதன் விலை யார் ஊதியத்திலிருந்து பிடிக்கப்படுகிறது என்பவை அரசுப் பல்கலைக்கழகங்களைப் பொறுத்தவரை 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி எந்த மாணவரும் கேட்டுப் பெறக்கூடிய விவரங்கள். மத்தியப் பல்கலைக்கழகங்களில் விண்ணப்பக் கட்டணம் 10 ரூபாய்.